“விரல் அசைகிறது” என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்

எலும்பு முறிவு வார்ட்டுக்குப் புதிதாக வரப்போகிற தம்பி தங்கைகளே,

எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது. எந்த அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது, பெரிய டொக்டர் சேரை எந்த நேரத்தில் போனில் பிடிக்கக்கூடாது, கன்டீனில் எந்த ரோல்ஸைத் தொட்டால் அடுத்த நாள் நீங்களே வார்ட்டில் படுப்பீர்கள் என்பதையெல்லாம் வாயால் சொல்லிவிட்டுப் போவேன். இதை மட்டும் வாயால் சொன்னால் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள், விட்டுப்போகும். அதனால் பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நடையழகு பார்க்காதீர்கள். விஷயத்தைப் பாருங்கள்.

முழங்கை முறிந்த பிள்ளைகள் உங்களுக்கு வந்துகொண்டே இருப்பார்கள். பள்ளிக்கூட விடுமுறை என்றால் இன்னும் கூட. கொய்யா மரம், மதில், அண்ணனுடைய சைக்கிள் பார், எதிலிருந்தாவது விழுவார்கள். விழும்போது கையை ஊன்றுவார்கள். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும். அதை நேராக்கி, மெல்லிய கம்பிகள் ஏற்றிப் பிளாஸ்டர் போடுவோம். கம்பி எப்படி ஏற்றுவது என்பதைத் தியேட்டரில் படிப்பீர்கள். நான் சொல்ல வந்தது, கம்பி ஏற்றி முடித்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போன பிறகு நடப்பதை.

அபிஷா பெரியகல்லாற்றுப் பிள்ளை. நாலாம் ஆண்டு படிக்கிறாள். அப்பா வாவியில் மீன் பிடிக்கிறவர். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த தோணியின் மேல் ஏறி நின்று, தான்தான் கப்டன் என்று கத்தியிருக்கிறாள். அடுத்த காட்சி எங்கள் வார்ட். வலது முழங்கை பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

வீங்கின கையோடு அழுகிற பிள்ளையிடம் “விரலை விரி, மடக்கு, இந்தப் பக்கம் தொடுவது தெரிகிறதா” என்று கேட்டுப் பாருங்கள். உங்களை உதைக்கும். அதனால் நான் கல், பேப்பர், கத்தரிக்கோல் விளையாடுவேன். இது என் கண்டுபிடிப்பில்லை, புத்தகத்திலேயே இருக்கிறது. கைக்குப் போகிற முக்கியமான நரம்புகள் ஒவ்வொன்றையும் அந்த மூன்று வடிவமும் ஒவ்வொரு விதமாகச் சோதிக்கும். கத்தரிக்கோலுக்கு விரல்களைப் பிரித்து வைக்க வேண்டும். அதற்கு முழங்கையின் உட்பக்கமாக ஓடுகிற நரம்பு வேலை செய்ய வேண்டும். கதவில் முழங்கையை இடித்துக்கொண்டால் சின்ன விரல் வரைக்கும் கரண்ட் அடிக்குமே, அந்த நரம்புதான்.

அபிஷா அழுகையை நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வலி குறைந்த ஒரு இடைவெளியில் என்னை வெட்டினாள். நான் பேப்பர். அவள் கத்தரிக்கோல். அடுத்த முறையும் அதே.

“டொக்டரக்கா, உங்களுக்கு விளையாடவே தெரியா.”

“நீ கள்ள விளையாட்டு விளையாடுறாய்.”

“தோத்தாக்கள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க.”

அன்றே ஒப்பரேஷன் நடந்தது. முறிவு ஒரே வழுக்கல், நிற்கமாட்டேன் என்றது. சேர் வெளிப்பக்கமாக ஒரு கம்பியும் உட்பக்கமாக ஒரு கம்பியும் ஏற்றினார். எக்ஸ்ரே பார்க்க அவ்வளவு அழகு.

அடுத்த நாள் காலை வார்ட் சுற்று. நேர்ஸ் மிஸ், “விரல ஆட்டு புள்ள” என்றார். அபிஷா ஆட்டினாள். எல்லோருக்கும் திருப்தி. விரல் அசைகிறது என்று எழுதியாகிவிட்டது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். உள்நரம்பு செத்துப் படுத்திருந்தாலும் விரல் ஆடும். விரலை நிமிர்த்துகிற தசைகளுக்கு வேறு நரம்பு. அது நிமிர்த்தும், விட்டால் விரல் தானாக மடங்கும். தூரத்தில் நின்று பார்த்தால் ஆட்டுவது போலவே இருக்கும். சரி, பிள்ளை கையைப் பாவிக்கும்போதாவது தெரியாதா என்று கேட்பீர்கள். நம்முடைய வார்ட்டில் வலக்கை முறிந்த பிள்ளை தானாகச் சாப்பிடுவதை என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? பார்க்க முடியாது. வலக்கையில் பிளாஸ்டர். இடக்கையால் சோறு அள்ள எந்தத் தாயும் விடமாட்டார். அம்மா சோற்றை வாயில் தீத்துவார், அம்மா முகம் கழுவி விடுவார், அம்மா தலை சீவி விடுவார். அந்த வலக்கைக்கு ராஜ மரியாதை. அது தலையணை மேலே சும்மா கிடக்கும். அது வேலை செய்கிறதா என்று அம்மாவுக்கும் தெரியாது, பிள்ளைக்கே தெரியாது.

நான் போன நேரமும் அபிஷாவின் அம்மா மீன் முள் பார்த்துப் பார்த்துச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். நான் பழைய தோல்விக்குப் பழிவாங்க உட்கார்ந்தேன்.

வென்றேன். திரும்பவும் வென்றேன். பேப்பர் வைத்துக்கொண்டே இருந்தால் போதும், தோல்வியே இல்லை. அவள் கல் வைத்தாள், அல்லது பேப்பர் வைத்தாள். நான் சின்னப் பிள்ளையை வென்ற பெருமையில் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. இவள் ஏன் கத்தரிக்கோல் வைக்கவே இல்லை?

“எங்க, கத்தரிக்கோல் வை பாப்பம்.”

“வேணாம்.”

“ஏன் வேணாம்?”

“அது வருகுதில்ல.”

விரல்களைப் பிரிக்க முயன்றாள். பிரியவில்லை. கல்லை உற்றுப் பார்த்தேன், அதுவும் அரைக்கல். மோதிர விரலும் சின்ன விரலும் சரியாக மடங்காமல் வெளியே எட்டிப் பார்த்தன. பேனாவின் மூடியால் சின்ன விரல் நுனியைத் தொட்டேன். தெரியவில்லை என்றாள்.

எனக்கு மேலே இருந்த சீனியர் அண்ணாவிடம் ஓடினேன். கெட்ட மனிதர் இல்லை. வேலையில் மூழ்கிக் கிடந்தார்.

“வீக்கம் இரிக்கும். நாளைக்குப் பாப்பம்.”

“நேத்து இதே கையால என்ன வெட்டினவள் அண்ணா.”

“புள்ளையளோட விளையாடுறத்துக்கா உனக்குச் சம்பளம்?”

“ஓம்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. “அப்ப நீயே சேருக்குப் போன் எடு. நான் ஏச்சு வாங்க மாட்டன்” என்றார்.

சேர் கிளினிக்கில் இருந்தார். கிளினிக் நேரத்தில் போன் எடுத்தால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கும் சீக்கிரம் தெரியும். எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

“ஒப்பரேஷனுக்கு முன்னம் அந்த நரம்பு வேலை செஞ்சத நீ கண்ணால பாத்தியா?”

“பாத்தன் சேர். தோத்தும் போனன்.”

கிளினிக்கில் யாரையோ வெளியே இருக்கச் சொன்னார். பிறகு, “புள்ளைக்கு இனிச் சாப்பாடு குடுக்க வேணாம் எண்டு சொல்லு” என்றார்.

அவ்வளவுதான். திரும்பவும் தியேட்டர்.

அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பே வேலை செய்யாத நரம்பு என்றால் விழுந்த அடியில் நசுங்கியிருக்கலாம். அப்படியானவை பெரும்பாலும் பொறுத்திருந்தால் திரும்பி வரும். முன்பு வேலை செய்து, கம்பி ஏற்றிய பிறகு நின்றது என்றால் சந்தேகம் முதலில் உட்பக்கக் கம்பி மேல்தான். எங்கள் சேர் அந்தக் கம்பியை விட்டுவைக்க விரும்பாதவர். பொறுத்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்கிற நியாயத்தையும் படியுங்கள். ஆனால் முன்னால் நிலைமை என்ன என்று தெரியாவிட்டால் இந்த வாதத்துக்கே நீங்கள் லாயக்கில்லை. இருட்டில் கல்லெறிவீர்கள்.

அம்மா கடைசிக் கவளத்தையும் தீத்தி முடித்திருந்தார். வயிறு நிறைந்த பிள்ளைக்கு மயக்கமருந்து கொடுக்க முடியாது. பின்னேரம்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் அபிஷாவின் அப்பா வந்து சேர்ந்தார். வாவியிலிருந்து நேராக பஸ் ஏறியிருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே கேட்டார்.

“இன்னொரு ஒப்பரேசனா? அப்ப நேத்துச் செஞ்சது என்னத்துக்கு?”

“கம்பியைக் கொஞ்சம் சரிசெய்யப் போகிறோம்” என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சேர் போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: “நான் போட்ட கம்பி எண்டே சொல்லு. சுத்தி வளைக்காத.”

“உள்பக்கக் கம்பி நரம்பில பட்டிரிக்குப் போல ஐயா. நேத்து நாங்க போட்ட கம்பி.”

“நீங்க போட்ட கம்பி.”

“ஓம்.”

“அப்ப பிழை உங்கட.”

“எங்கட கையாலதான் நடந்தது. அதத்தான் இண்டைக்கே எடுக்கணும் எண்டு சொல்றம்.”

அவர் மனைவியைப் பார்த்தார். அம்மா அழத் தொடங்கினார். “எழுதுற கை டொக்டர். வாற வருசம் ஸ்கொலர்சிப் சோதினை எடுக்கிற புள்ள.”

“டிஸ்சார்ஜ் துண்ட வெட்டுங்க” என்றார் அப்பா. “நான் என்ட புள்ளயக் கொண்டு போறன். எங்கட பக்கத்தில முறிவுக்குப் பத்துப் போடுற நாட்டுமருந்துப் பரியாரி இரிக்கார். அவர் ஒருக்காப் போட்டா ரெண்டாந்தரம் போடமாட்டார்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் அவர் அப்போதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். படம் கீறி நரம்பை விளக்கினாலும் போயிருப்பார். பயந்து நிற்கிற மனிதரிடம் வகுப்பெடுக்காதீர்கள், ஏறாது. அவருடைய சட்டைப் பையில் பஸ் டிக்கட் தெரிந்தது.

“அந்த டிக்கட்ட ஒருக்காத் தாங்க ஐயா.”

“என்னத்துக்கு?”

“தாங்களன்.”

அபிஷாவின் இடக்கையில், மோதிர விரலுக்கும் சின்ன விரலுக்கும் நடுவே டிக்கட்டைச் செருகினேன். இறுக்கிப் பிடி என்றேன். அப்பாவை இழுக்கச் சொன்னேன். இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். டிக்கட் பாதியாகக் கிழிந்து வந்தது. அபிஷாவுக்குச் சிரிப்பு.

மிச்சப் பாதியை வலக்கையில் அதே இடத்தில் வைத்தேன். “இப்ப இழுங்க.”

இழுக்கவே தேவையிருக்கவில்லை. அவர் விரல் பட்டதும் டிக்கட் நழுவி வந்துவிட்டது. அவர் திரும்ப அதைத் தானே செருகினார். “இறுக்கிப் பிடி மகள்.” திரும்பவும் நழுவியது. இன்னொரு முறை.

“நான் இறுக்கித்தான் பிடிக்கிறன் அப்பா” என்றாள் அபிஷா.

அவர் அந்தத் துண்டுக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாமலிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

“எங்க கையெழுத்து வைக்கிற?” என்றார்.

அன்று பின்னேரம் உட்பக்கத்தைச் சின்னதாகத் திறந்து பார்த்தார் சேர். நரம்பு அறுபடவில்லை. கம்பி அதைத் தள்ளி, முறுக்கி, நெருக்கி வைத்திருந்தது. அந்தக் கம்பியை எடுத்துவிட்டு வெளிப்பக்கத்தில் இன்னொன்று போட்டார். வெளியே வந்து, என்னை அனுப்பாமல், தானே அப்பாவிடம் போனார்.

“நரம்பு அறுபடல்ல. நசிஞ்சிரிக்கு. வரும் எண்டு நம்புறன். எப்ப எண்டு சொல்லத் தெரியா. முழுசா வரும் எண்டு சத்தியம் பண்ணவும் மாட்டன்.”

“அப்ப எதத்தான் சொல்லுவீங்க?”

“வாற ஒவ்வொரு முறையும் உள்ளதச் சொல்லுவன்.”

அப்பா மகளின் கட்டிலுக்குப் போய்விட்டார். ஆனால் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இனி உங்களுக்கு மிகச் சலிப்பான பகுதி. ஆனால் கை பிழைப்பதும் கெடுவதும் இங்கேதான். நரம்பு தன்பாட்டில் வரும், மெதுவாக வரும். அது வந்து சேரும்போது விரல் மூட்டுகள் விறைத்துப்போயிருந்தால் வந்தும் பயனில்லை. அதனால் விரல்களை நாளாந்தம் நீட்டி மடக்க வேண்டும். சின்ன விரலும் மோதிர விரலும் கொக்கி மாதிரி வளையாமல் சிறு கட்டுப் போட வேண்டும். அந்த இரண்டு விரலிலும் உணர்ச்சி இல்லை, ஆகவே சூட்டுச் சட்டியைத் தொட்டால் பிள்ளைக்குத் தெரியாது, வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லுங்கள். இதெல்லாம் நாங்கள் சொன்னோம். பிசியோதெரபி மிஸ்ஸும் சொன்னார்.

கம்பிகளை எடுத்து, பிளாஸ்டரும் போய், எலும்பு நன்றாகப் பொருந்திய பிறகு ஒரு கிளினிக். கையைப் பார்த்தேன். பவுடர் பூசி, துவாய் சுற்றி, கல்யாணப் பெண் மாதிரி வந்திருந்தது. விரல்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன.

“சாப்பிடுறது யார் கையால?” என்று கேட்டேன்.

அம்மா வேறு பக்கம் பார்த்தார். அபிஷா, “அம்மாட” என்றாள்.

“ஏன் அம்மா? பிளாஸ்டர்தான் இல்லையே.”

“ஏலாத கைய வச்சிப் புள்ளய வருத்தச் சொல்றீங்களா டொக்டர்? சோறெல்லாம் கொட்டுறாள்.”

“கொட்டட்டும்.”

“கோழிக்குப் போடவா நான் சோறாக்குறன்?”

“ஓம். கொஞ்ச நாளைக்குக் கோழி கொழுக்கட்டும். நீங்க தீத்துற ஒவ்வொரு வாயும் அந்தக் கைக்கு லீவு.”

“எனக்கும் லீவுதான்” என்றாள் அபிஷா.

“உனக்கு லீவு முடிஞ்சிட்டு. இண்டைக்கே குழைச்ச சோறு. மறுகா, கை பழகினதும் புட்டு. புட்ட ஒரு பருக்கையும் கொட்டாமத் திண்டு காட்டினா நான் உனக்கு ஐஸ்கிரீம்.”

“புட்டோட ஐஸ்கிரீமா? விசரா உங்களுக்கு?”

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் சரி என்றார்.

அதற்கு அடுத்த தவணைக்கு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. இப்படி வராமல் போகிறவர்களை நாங்கள் குணமாகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வோம். வசதியான நினைப்பு. நான் போன் பண்ணினேன். அப்பா எடுத்தார். எடுத்ததும் வெடித்தார்.

“உங்கட பேச்சக் கேட்டுப் புள்ளட கை இன்னும் மோசமாப் போச்சு டொக்டர் புள்ள. சோத்தக் குழைக்கச் சொன்னீங்க, கொட்டச் சொன்னீங்க. இப்பப் பாருங்க, எறும்பு கடிக்கிற மாதிரியாம். கரண்ட் அடிக்குதாம். சின்ன விரலத் தொட விடுறாள் இல்ல. போத்திப் படுக்கவும் ஏலா. தாய்க்காரி துணியால சுத்தி வச்சிரிக்கா.”

நான் வார்ட் நடுவில் நின்று கத்திவிட்டேன். ஒரு தாத்தா கட்டிலிலிருந்து எழும்பி உட்கார்ந்தார்.

“என்னத்துக்குக் கத்துறீங்க?” என்றார் அப்பா.

“ஐயா, முன்னம் அந்த விரலத் தொட்டா அவளுக்குத் தெரிஞ்சதா?”

“இல்ல.”

“இப்பத் தொட்டாத் துள்ளுறாள்.”

“ஓம்.”

“செத்த நரம்புக்குக் கரண்ட் அடிக்குமா ஐயா?”

“அடிக்காதா?” என்றார் அப்பா.

“அடிக்காது. நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்க. அந்தத் துணிய இப்பவே அவிழ்த்து எறியச் சொல்லுங்க.”

நரம்பு திரும்பும்போது முதலில் கூசும், எரியும், கரண்ட் அடிக்கும். குணமாவது நோவு மாதிரித் தெரியும். எங்களுக்கு இது பாலபாடம். அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, எங்களில் யாரும் சொல்லியிருக்கவுமில்லை. நீங்கள் சொல்லுங்கள். முதல் நாளே சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை தேறுகிற நேரம் பார்த்து உங்கள் வாசலை மறந்துவிடுவார்கள்.

வந்தார்கள். சேர் முழங்கையிலிருந்து கீழே மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். எந்த இடத்தில் தட்டினால் சின்ன விரலில் கூசுகிறது என்று பார்த்தார். நரம்பு அதுவரை வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடம் ஒவ்வொரு கிளினிக்கிலும் மணிக்கட்டை நோக்கி இறங்கிக்கொண்டு வந்தது. ஒரு தடவை இறங்கவேயில்லை. “இந்த மாசம் அசையல்ல” என்று சேர் உள்ளதைச் சொன்னார். அப்பா, “சரி, அடுத்த மாசம் பாப்பம்” என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். துண்ட வெட்டுங்க என்று நின்ற அதே மனிதர்.

அபிஷா இன்னும் வருகிறாள். இனி உங்களிடம்தான் வருவாள். விரல்கள் இன்னும் முழுதாக விரியவில்லை, எழுத்து இன்னும் வரி தாண்டி ஓடுகிறது. வந்தால் விரலை ஆட்டச் சொல்லிவிட்டு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். வராவிட்டால் போன் எடுங்கள். ஏச்சு விழும், வாங்குங்கள்.

நான் கடைசியாக அவளைப் பார்த்தது போன கிளினிக்கில். அம்மா என்னிடம் முறைப்பாடு வைத்துக்கொண்டிருந்தார். “புட்டெல்லாம் தின்னுறாள் டொக்டர். ஆனா எழுத இருக்கச் சொன்னா மட்டும் கை நோகுதாம். ஒரே பம்மாத்து. வீட்ட போய் இரிக்கு இவளுக்கு…”

பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று துள்ளினார்.

“ஆ! விட்றி, நோகுது!”

பக்கத்தில் நின்ற அபிஷா அம்மாவின் கையைக் கிள்ளிப் பிடித்திருந்தாள். சேர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். வலக்கை. அந்த நரம்பு இல்லாவிட்டால் கிள்ளும்போது பெருவிரல் நுனி வளைந்துகொள்ளும், வேறு தசையால் சமாளிக்கும். இது வளையவில்லை. பெருவிரல் நேராக நின்று, ஆட்காட்டி விரலோடு சேர்த்து, தாயின் தோலை ஒழுங்காக நசித்துக்கொண்டிருந்தது.

“இதுதான் அம்மா” என்றேன். “இந்தக் கிள்ளுக்குத்தான் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தம்.”

அபிஷா பயந்து கையை எடுத்தாள். அம்மா சிவந்த இடத்தைத் தடவினார். மகளின் விரல்களைப் பார்த்தார். பிறகு சேலையை ஒதுக்கி, மற்றக் கையையும் அவள் முன்னால் நீட்டினார்.

“இன்னொருக்காக் கிள்ளு மகள். நல்லா இறுக்கிக் கிள்ளு.”